முப்பத்தேழாம் நம்பர் தகடு

என் புத்தகத்தில் பிசகு கண்டுபிடிக்க இனிமேல்தான் ஒருத்தர் பிறந்து வரவேண்டும் என்று பத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். ஏற்காட்டில், தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர் வேலை. யார் வேலைக்கு வந்தார்கள், யார் எத்தனை கிலோ பழம் பறித்தார்கள் என்று செக்ரோல் புத்தகத்தில் எழுதவேண்டும். பொம்பளை என்னத்தை எழுதிக் கிழிக்கப்போகிறாள் என்று கேட்ட மேனேஜர்கள் மூன்று பேர் வந்து போய்விட்டார்கள். நானும் என் புத்தகமும் அங்கேயேதான் இருக்கிறோம். அந்தத் திமிரோடுதான் அன்று காலை போலீஸ் ஜீப் கேட்டுக்குள் நுழைந்ததும் எழுந்து நின்றேன்.

பறிப்புக் காலம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சேலத்துக் கம்பெனிகளுக்குப் போய்விட்ட பிறகு, ஜார்க்கண்ட், அசாம், வங்காளம் என்று வடக்கேயிருந்து வருகிறவர்களை வைத்துத்தான் இங்கே பழம் பறிக்கிறோம். அந்த வாரம் முழுக்க டிவியில் ஒரே செய்தி. எல்லை தாண்டி வந்தவர்களைப் பிடிக்கிறார்கள், கேம்பில் வைக்கிறார்கள், திருப்பி அனுப்புகிறார்கள் என்று. அதனால் எஸ்டேட் எஸ்டேட்டாகச் சோதனை. எங்களிடம் வந்தது ஒரு எஸ்.ஐ.யும் ஒரு பெண் போலீசும். எஸ்.ஐ. வயதில் சின்னவர். மரியாதையாகவே பேசினார்.

"ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. வடக்க இருந்து வந்தவங்க கார்டையும் உங்க புத்தகத்தையும் ஒத்துப் பாக்கணும். அவ்வளவுதான்."

"தாராளமாப் பாருங்க சார். ஒரு புள்ளி தப்பிருந்தா எஞ்சட்டையப் புடிச்சுக் கேளுங்க" என்றேன். நான் கட்டியிருந்தது சேலை என்பதுகூட அந்த வீறாப்பில் மறந்துபோயிருந்தது.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம். ஆளுக்கு ஒரு நம்பர், அந்த நம்பர் அடித்த ஒரு தகரத் தகடு. பறித்த பழச்சாக்கின் வாயில் தகட்டைக் கட்டிவிட்டால் எடை போடும்போது உன் சாக்கு, என் சாக்கு என்ற சண்டை வராது. ஆள் வேலையை விட்டுப் போனாலும் தகடு போகாது, அடுத்து வருகிறவர் கைக்குப் போய்ச் சேரும். கூப்பிடுவதும் நம்பரைச் சொல்லித்தான். "பன்னண்டு, சாக்கைக் கொண்டா", "நாப்பத்தொண்ணு, ஏன் சாமி இத்தனை பச்சைக்காயப் பறிச்சு வெச்சிருக்கே" என்று நாளெல்லாம் கத்துவேன்.

முப்பத்தேழு முன்பு ஒரு மாரமங்கலத்துக்காரியின் நம்பர். சொந்தக் காட்டில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறேன், இனி அதைப் பார்க்கிறேன் என்று ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வேலையிலிருந்து நின்றுகொண்டாள். அதே வாரம் வங்காளத்திலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து சேர்ந்தார்கள். புருஷனுக்குப் பழம் உரிக்கும் மெஷினில் வேலை. மெஷின் வேலை என்பதால் போட்டோ, கார்டு நகல், மேனேஜர் கையெழுத்து எல்லாம் வாங்கிப் புதுப் பக்கம் போட்டேன். பெண்டாட்டி பழம் பறிக்கத்தானே போகிறாள், ஆணியில் தொங்கிய முப்பத்தேழாம் தகட்டை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டேன். பழைய பேரை அடித்துவிட்டு அவளுக்கும் ஒரு பக்கம் போட்டிருக்க வேண்டும். பறிப்பு மும்முரம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ரெண்டு வருஷமாக அந்த அப்புறம் வரவேயில்லை.

எஸ்.ஐ. எடைக் கொட்டகையில் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தார். புருஷனுடைய பக்கம் சரியாக இருந்தது. அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஆதாரை நீட்டினாள். அவர் கார்டைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், மறுபடி கார்டைப் பார்த்தார்.

"முப்பத்தேழுக்கு மாரமங்கலம்னு ஊர் போட்டிருக்கு. பேரும் வேற, அப்பா பேரும் வேற."

நான் குறுக்கே புகுந்தேன். "அதான் கார்டு இருக்குதுங்களே சார்?"

"ஆதார் இருக்கறதால மட்டும் இந்த நாட்டு ஆள்னு ஆயிடாதும்மா. உள்ளூர்ப் பொம்பளை பேர்ல ரெண்டு வருஷம் வேலை பாத்திருக்காங்க. எதுக்கு? நான் என்னன்னு எடுத்துக்கறது?"

புருஷன் இங்கேயே இருக்கலாம், இவளை மட்டும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் அங்கிருந்து சேலத்துக்கு அனுப்பவேண்டும் என்றார். அவள் ஊர் போலீசிடமிருந்து பதில் வரும்வரை எங்கே வைப்பார்கள் என்பது மேலதிகாரிகள் கையில் இருக்கிறதாம். ஒரு மாதம்கூட ஆகலாமாம். புருஷனுக்குத் தமிழ் அரைகுறை. 'இவளை மட்டும்' என்பது மட்டும் அவனுக்குப் புரிந்துவிட்டது. அவள் சாக்கின் கயிற்றை அவன் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டான்.

மேனேஜர் என் காதருகே வந்தார். "ரைட்டரம்மா, வாயத் தொறக்காதீங்க. அவளா வந்து அந்தப் பேர்ல சேந்துட்டா, நமக்குத் தெரியாதுன்னு சொல்லிப்போடலாம்."

ஒளிக்காமல் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பத்தொன்பது வருஷப் பேர். அதை இவளுக்காகக் கெடுத்துக்கொள்வதா? அடுத்த கணமே என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது.

"சார், அவ ஒரு தப்பும் பண்ணலீங்க. பக்கத்த மாத்தாம உட்டது நானு. ரெண்டு வருசமா இந்தப் புள்ளையத் தெனமும் பாக்கறேன். எனக்கு நல்லாத் தெரியுமுங்க."

"அப்படியா? இவங்க பேரு என்ன? கார்டப் பாக்காம சொல்லுங்க."

அவளுக்குக் கையில் சொறி வந்தது தெரியும், உச்சிவெயிலில் தலைவலிக்கும் என்பது தெரியும், கீழ்க்கிளைப் பழத்தைக்கூட விடாமல் பறிப்பாள் என்பது தெரியும். பேர் மட்டும் தெரியவில்லை.

"முப்பத்தேழு" என்றேன்.

பெண் போலீஸ் சிரித்துவிட்டது. எஸ்.ஐ. சிரிக்கவில்லை. "நல்லாத்தான் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க" என்று புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டார். மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அவளை ஜீப்பில் ஏற்றியதும் நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன். "நீங்க எதுக்கும்மா?" என்று பெண் போலீஸ் அதட்டியது.

"தப்புப் பண்ணுனவ ஊட்டுக்குப் போயி சோறாக்கித் தின்னுபோட்டுப் படுத்துக்கட்டுமா? நீங்க வண்டிய எடுங்க."

ஜீப்பில் வைத்துத்தான் அவளிடம் பேரைக் கேட்டேன். சொன்னாள். ரெண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. கேட்காமல் இன்னொரு தரம் அவள் பேரோடு விளையாட எனக்கு உரிமை கிடையாது.

ஸ்டேஷனில் முதல் வேலையாக, பிழை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அடுத்து மாரமங்கலத்துக்காரிக்குப் போன் போட்டேன். மத்தியான பஸ்ஸில், மிளகு பறித்த கையோடு வந்து இறங்கினாள். ஸ்டேஷன் வாசலில் நுழையும்போதே குரல் வந்துவிட்டது.

"ஏனுங்க, நான் இங்க குத்துக்கல்லாட்டம் உசுரோட நிக்கறேன். எம்பேர அவ எதுக்குங்க திருடறா? தகட்ட இந்த ரைட்டரம்மாகிட்டக் குடுத்துப்போட்டுத்தான் நான் போனேன். சேர்வராயன் சாமி மேல சத்தியமுங்க. இந்தம்மா எழுத மறந்துட்டு எங்க ரெண்டு பேரையும் ஒரே ஆளாக்கிப்போட்டுது. நொம்பக் கெட்டிக்காரின்னு இதுக்குப் பேரு வேற!"

என்னை ஸ்டேஷனில் வைத்து அவள் வாங்கிய வாங்கு இருக்கிறதே! அத்தனையும் எனக்கு வேண்டியதுதான். எஸ்.ஐ.க்கு முகம் கொஞ்சம் இளகியது. பேரை மாற்றி ஏமாற்றவில்லை என்பது சரி, ஆனால் வங்காளத்துக்காரி எந்த நாடு என்பதற்கு அவள் ஊர்தான் பதில் சொல்லவேண்டும் என்றார். போட்டோவையும் கார்டையும் அந்த ஊர் போலீசுக்கு அனுப்பினார். விடாமல் நாலைந்து முறை போனும் செய்தார். அதற்காக அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

பொழுது சாயும் நேரத்தில் வீடியோவில் கூப்பிட்டார்கள். அங்கே ஒரு போலீஸ்காரர், பக்கத்தில் பஞ்சாயத்து ஆள், அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு அவளுடைய அம்மா. போனுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அந்த அம்மா அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்தவள் அப்போதுதான் உடைந்தாள். எனக்கும் தாங்கவில்லை.

பள்ளிக்கூடத்துப் பதிவு, அப்பன் பேரில் இருந்த நிலச் சீட்டு என்று ஒவ்வொன்றாகப் போனில் வந்து சேர்ந்தது. எஸ்.ஐ. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "கூட்டிட்டுப் போங்க. நாளைக்கே பக்கத்தை மாத்திக் கொண்டுவந்து காட்டுங்க."

நாங்கள் திரும்பியபோது எஸ்டேட் கேட்டருகே அவள் புருஷன் இன்னும் அந்தச் சாக்குக் கயிற்றோடுதான் நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் விடிந்ததும் பழைய பேரைச் சிவப்பு மையால் அடித்தேன். புதுப் பக்கத்தில் போட்டோ ஒட்டி, அவள் பேரை என் நல்ல கையெழுத்தில் எழுதினேன். மேனேஜர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அவளுக்கு மட்டும் செய்தால் போதுமா? புத்தகத்தைப் புரட்டி எல்லார் பேரையும் மனப்பாடம் செய்தேன். இனி ஒருவரையும் நம்பர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று முடிவு. நான் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான்.

சாயங்காலம் எடைக்கு வரிசை நின்றது. அவள் முறை வந்ததும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். யாரும் அசையவில்லை. கொட்டகை முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தரம் கூப்பிட்டேன். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று எல்லாரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள்.