ரத்தம் நிறுக்கும் லுவ்சான்

ஈரத்துணியைத் தராசில் வைக்கும்போது லுவ்சான் மூச்சு விடமாட்டார். மூச்சுக்காற்று பட்டால் முள் நகர்ந்துவிடும் என்பது அவர் கட்சி. முள்ளே இல்லை, இது எண் காட்டும் தராசு என்று யாராவது சொன்னால், "எண்ணும் நகரும்" என்பார்.

உலான்பாத்தரில் கல்லீரல் புற்றுநோய்க்குத் துளை போட்டு அறுவை செய்யும் ஆஸ்பத்திரி அது. வயிற்றில் நாலு துளை, உள்ளே ஒரு கேமரா, கட்டியோடு ஈரலில் ஒரு துண்டு வெளியே. எவ்வளவு ரத்தம் போயிற்று என்று நிறுத்துச் சொல்வது லுவ்சானின் வேலை. தோய்ந்த துணியின் எடையில் காய்ந்த துணியைக் கழிக்க வேண்டும். உறிஞ்சிய புட்டியில் கழுவ விட்ட தண்ணீரைக் கழிக்க வேண்டும். நாலாம் வகுப்பிலேயே ஆடு மேய்க்கப் புல்வெளிக்கு ஓடிப்போன மனிதர், இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கழித்தல் தப்பியதில்லை. பட்டம் வாங்கியவர்கள் கண்ணால் பார்த்து "ஒரு கிண்ணம் இருக்கும்" என்பார்கள். டாக்டர்களின் கிண்ணம் எப்போதும் சின்னது. மாதம் ஒருமுறை கூடும் தரக்குழு லுவ்சானின் தாளைத்தான் கேட்கும். ரத்தம் கூடிய டாக்டரை நிற்க வைத்து ஏன் என்றும் கேட்கும்.

இந்தத் தெனாவட்டு அவருக்குப் புல்வெளி முறையில் ஆடு அறுத்துப் பழகியதிலிருந்து வந்தது. மார்புக்குக் கீழே கை நுழையும் அளவு ஒரு கீறல். உள்ளே கைவிட்டு, முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெருங்குழாயை இரண்டு விரலால் அறுத்தால் முடிந்தது. சொட்டு ரத்தம் மண்ணில் விழக்கூடாது. லுவ்சான் கையில் விழுந்ததில்லை.

"நமக்கு ஒரே துளை. இந்தப் பொண்ணுக்கு நாலு துளை, கேமரா வேற," என்று உப்புத் தேநீரை உறிஞ்சியபடி, தலைமை அறுவை மருத்துவர் ஒத்கெரெலின் காதுபடவே சொல்வார்.

"உங்க ஆடு எந்திரிச்சு வீட்டுக்குப் போக வேணாம், ஐயா. என் ஆளு போகணும்," என்பாள் அவள்.

வாசல் காவலாளிக்குக்கூடத் தன் மூக்குப்பொடிச் சிமிழை மூடி திறந்து மரியாதையாக நீட்டுகிறவர், பத்து வருஷத்தில் ஒருமுறையும் அவளுக்கு நீட்டவில்லை.

போன மாதம் அவர் ஈரலிலேயே ஒரு கட்டி தெரிந்தது. இளவயதில் வந்த காமாலையின் மிச்சம். எடுத்துவிட்டால் பிழைப்பார், ஆனால் நைந்த ஈரல், நிறைய ரத்தம் போனால் தாங்காது. கத்தி பிடிக்கப்போவது ஒத்கெரெல். லுவ்சானைப் பிடித்தாட்டிய கவலை வேறு.

"என் ரத்தத்த யாரு நிறுப்பா?"

"நானே நிறுக்கறேன், ஐயா."

"அறுக்கறவளே நிறுத்தா வெளங்குமா? மயக்கம் குடுக்காதீங்க. தராசக் கையில குடுங்க. நான் பாட்டுக்குப் படுத்துக்கிட்டே நிறுத்துக்கறேன்."

"ஊசி போட்டாலே ஊரைக் கூட்டற ஆளு," என்றாள் மனைவி ஸெவெல்மா.

கடைசியில் ஓர் உடன்பாடு. அவர் கண் விழித்துத் தானே நிறுக்கும்வரை துணிகளை ஒன்று விடாமல் பையில் காற்றுப் புகாமல் கட்டிவைக்க வேண்டும். ரத்தம் காய்ந்துபோனால் துணி எடை குறைந்து பொய் சொல்லும். புட்டிக்கு மூடி. ஒத்கெரெல் தன் கணக்கைத் தாளில் எழுதி மடித்து வைத்துவிட வேண்டும்.

அறுவை மூன்றரை மணி நேரம் நடந்தது. ஒவ்வொரு துணி வெளியே வரும்போதும் தராசருகே காலியாக இருந்த நாற்காலியை அவள் திரும்பிப் பார்த்தாளாம்; செவிலியர் சொல்லிச் சிரித்தார்கள்.

மறுநாள் காலை கண்ணில் தெளிவு வந்ததும், கட்டி முழுசாக வந்ததா என்றுகூடக் கேட்காமல் பையைக் கேட்டார் லுவ்சான். சூப்புக் கிண்ணம் இருந்த மேசைக்குத் தராசு வந்தது. ஸெவெல்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு கிண்ணத்தோடு வெளியே போனாள். பதினான்கு துணி, ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்தார், ஒவ்வொன்றுக்கும் நாலு துளையும் சுரீரென்றன. ஒத்கெரெல் கால்மாட்டில் கைகட்டி நின்றாள்.

புட்டியும் சேர்த்து இருநூற்றுப் பத்து மில்லி. மடித்த தாளில் இருநூற்று அறுபது.

"அம்பது கூட எழுதியிருக்கே."

"கொறைச்சு எழுதிட்டா உங்க வாயில யாரு விழறது? பயத்துல கூட்டிப் போட்டுட்டேன்."

"கூட எழுதினாலும் பொய் பொய்தான். என் ரத்தத்த வெச்சு அந்தக் குழு உன்னை நிக்க வெச்சுக் கேக்கறதா?" அறுபதை அடித்துப் பத்து என்று தன் கையால் எழுதினார்.

பிறகு தலையணைக்கடியில் துழாவிப் பொடிச்சிமிழை எடுத்தார். மூடியைப் பாதி திறந்து, உள்ளங்கையில் வைத்து அவளிடம் நீட்டினார்.

அவள் குனிந்து வாங்கி, முகர்ந்து, திருப்பிக் கொடுத்தாள். "நீங்க வேணாம், ஐயா. தும்மினா தையல் தாங்காது."

கொடுத்தவர் முகராமல் மூடுகிற வழக்கம் கிடையாது. லுவ்சான் முகர்ந்தார். மூக்கு விடைத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒத்கெரெலின் இரண்டு கைகளையும் இழுத்துத் தன் வயிற்றுத் துளைகளின் மேல் வைத்து அழுத்திவிட்டு, தும்மினார்.