மாமாவின் காய்ச்சல் துப்பாக்கி

கொரோனா அடங்கிப் பட்டாசுக் கம்பெனிகளைத் திரும்பத் திறந்த வருடம் நான் நான்காம் வகுப்பு. என் அத்தையின் கணவரான மாமாவுக்கு வெம்பக்கோட்டை சாலையில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை. காலையில் வேலைக்கு வருகிறவர்களின் நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியைப் பிடிப்பதும் அவர் பொறுப்பில் வந்து சேர்ந்தது. பச்சை விளக்கு எரிந்தால் உள்ளே போகலாம். சிவப்பு எரிந்தால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதுவரை யாரும் சட்டை செய்யாத மாமா ஒரே வாரத்தில் போலீஸ்காரர் ஆகிவிட்டார். தொலைந்துவிடும் என்று சொல்லி அந்தத் துப்பாக்கியைத் தினமும் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார்.

அடுத்தடுத்த வீடு என்பதால் லீவு நாளில் துப்பாக்கி என் கையில்தான். கோழியின் இறக்கையைத் தூக்கிவிட்டுப் பார்த்தால் எப்போதும் சிவப்பு. கோழிகளுக்குத் தீராத காய்ச்சல் என்று முடிவு செய்தேன். ஓணான் நிழலில் இருந்தால் பச்சை, வெயிலில் காய்ந்தால் சிவப்பு. மனிதர்கள்தான் சலிப்பூட்டினார்கள். அடுப்படியில் வெந்துகொண்டு நின்றாலும் அம்மாவுக்குப் பச்சை. குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்தாலும் எனக்குப் பச்சை.

அது தீபாவளி ஆர்டர் குவிந்திருந்த சீசன். அதே கம்பெனியில் அத்தைக்குப் பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை. தீப்பொறிக்குப் பயந்து அங்கே மின்விசிறி வைக்கமாட்டார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் லீவான ஒருநாள் காலை அவள் எழுந்ததிலிருந்தே ஒரு மாதிரியாக இருந்தாள். மாமா பல் தேய்க்கப் போன நேரம் பார்த்துத் துப்பாக்கியை என்னிடம் கொடுத்து நெற்றியைக் காட்டினாள். சிவப்பு எரிந்தது.

"கட்டுன புருஷனே வாசல்ல வச்சுத் திருப்பி அனுப்புனா அம்புட்டுப் பேரும் சிரிப்பாளுக" என்றாள். முந்தானையைக் குடத்தில் நனைத்து நெற்றியில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். "இப்பப் பாரு புள்ள."

பச்சை எரிந்தது.

"பாத்தியா, சரியாப்போச்சு."

இத்தனை சுலபமான வைத்தியம் இருக்க எதற்கு ஊசி போடுகிறார்கள் என்று எனக்கு டாக்டர்கள் மேல் கோபம் வந்தது. கம்பெனி வாசல் வேப்பமரத்தடியில் பெண்கள் பலரும் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது.

மத்தியானம் மாமா அவளை ஒரு பைக்கில் வைத்துக் கொண்டுவந்தார். பின்னால் ஒரு பெண் தாங்கிப் பிடித்திருந்தாள். தரையில் படுக்க வைத்தபோது அத்தை அங்கே இல்லாத யாரையோ லோடு ஏற்றச் சொல்லிப் பிதற்றிக்கொண்டிருந்தாள். கொளுத்துகிற வெயிலில் வந்தவள் மேல் ஒரு சொட்டு வேர்வை இல்லை. வைத்தியம் தெரிந்தவள் நான் ஒருத்திதானே? துணியை நனைத்து அவள் நெற்றியில் வைத்தேன். மாமாவின் பையிலிருந்து துப்பாக்கியை எடுத்துப் பார்த்தேன்.

"மாமா, பச்சை!"

மாமா அப்பாடா என்று சுவரில் சாய்ந்தார். "செத்த நேரம் படுத்து எந்திரிச்சா தெளிஞ்சுருவா" என்றார். தினமும் ஊரையே நிறுத்திச் சோதித்த விளக்கு அது. அவர் எப்படி நம்பாமல் இருப்பார்?

அம்மா ஓடி வந்தாள். விளக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. ரவிக்கைக்குள் முதுகில் கையை விட்டவள் வெடுக்கென்று எடுத்தாள்.

"அய்யோ அண்ணே, உள்ள கொதிக்குது! வேர்வையே இல்லியே! ஆட்டோவக் கூப்பிடுங்க!"

குடத்துத் தண்ணீரை அப்படியே அத்தை மேல் கவிழ்த்தாள். ஈரச் சேலையோடு ஆட்டோவில் ஏற்றினோம். "மதினி, கண்ண மூடாதீக, என்னயப் பாருங்க" என்று சிவகாசி போய்ச் சேரும்வரை அம்மா விசிறிக்கொண்டே வந்தாள். எனக்கு ஒரே பயம். அத்தை செத்துப்போவாளோ என்ற பயம் பாதி, பச்சை எரிந்த பிறகும் ஏன் ஆஸ்பத்திரி என்ற குழப்பம் பாதி.

ஆஸ்பத்திரியில் அத்தையைச் சுற்றி ஈரத்துணியும் ஐஸ் பொட்டலமுமாக வைத்தார்கள். சூடு தாக்கி வேர்வை நின்றுபோயிருக்கிறது, வேர்க்க ஆரம்பித்தால் பயமில்லை என்றார் டாக்டர். கையில் சலைன் ஏறியது. மாமா வராந்தாவிலேயே நின்றார். உள்ளே வந்து பார்க்கிற தைரியம் அவருக்கு இல்லை.

மறுநாள் காலை அத்தை நினைவு தெளிந்து என் பெயரைச் சொன்னாள். அவள் கழுத்தில் பொடிப்பொடியாக வேர்த்திருந்தது. வேர்த்து நாறிப்போய் வந்தால் என்னை வாசலிலேயே நிறுத்திக் குளிக்க விரட்டுகிற அம்மா, அந்த வேர்வையைக் கையால் தொட்டுப் பார்த்தாள். "அண்ணே, வாங்க. வேர்த்துருச்சு" என்று வராந்தாவைப் பார்த்துக் கத்திவிட்டு, ஈரக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அழுக்கு வேர்வையை ஏன் முகத்தில் பூசிக்கொள்கிறாள் என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. துடைத்துக்கொள்ள அவள் முந்தானையை எடுத்து நீட்டினேன். அம்மா வாங்கிக்கொள்ளவில்லை.