தொண்ணூற்றொன்பது சதவீத நிமோனியா

நாமகிரிப்பேட்டை மஞ்சள் மண்டிக்கு எதிர்ச் சந்தில் கலைமணியின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டுக் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடம், பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு பொறியியல் மாணவி வந்தாள். எக்ஸ்ரே பற்றிய தன் ஆய்வுக் கட்டுரையை ஆய்விதழ் கேட்கிற அமைப்பில் அடித்துத் தரவேண்டும் என்றாள். அடித்ததோடு கலைமணி நிற்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் நோயாளிகள் நூற்றிருபது பேர், ஏழாம் பக்கத்தில் நூற்றுப் பதினெட்டுப் பேர், நடுவில் காணாமல் போன இருவர் எங்கே என்று கேட்டார். அன்று முழுக்கத் தேடி இருவரையும் ஓர் அட்டவணையில் கண்டுபிடித்தார்கள். கட்டுரை வெளிவந்தது. அதிலிருந்து ஸ்கேன், எக்ஸ்ரே என்று ஆராய்ச்சி செய்கிற மாணவர்கள் அந்தச் சந்துக்கு வரத் தொடங்கினார்கள்.

கலைமணி யாருக்கும் கட்டுரை எழுதித் தரமாட்டார். எழுதி வந்த ஆங்கிலத்தைத் திருத்துவார், படங்களைச் சீராக்குவார், கேள்வி கேட்பார். கேள்விக்குப் பயந்து சேலத்துக் கடைகளுக்கு ஓடியவர்களும் உண்டு.

போன ஆடியில் மோகன்குமார் வந்தான். மோகனூர்க்காரன், எம்.இ. இரண்டாம் வருடம். மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்து நிமோனியா உண்டா இல்லையா என்று சொல்லக் கணினியைப் பழக்கியிருந்தான்.

"தொண்ணூத்தொம்பது புள்ளி நாலு சதவீதமுங்க்கா. டாக்டருங்களே இத்தன சரியாச் சொல்லமாட்டாங்க."

"படத்தக் காட்டு, பாக்கலாம்."

கணினி எந்த இடத்தைப் பார்த்து முடிவுக்கு வந்தது என்பதைச் சிவப்பாகக் காட்டும் படங்கள் அவை. மங்கலாக இருந்ததால் கலைமணி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினார். நாலாவது படத்தில் நிறுத்தினார்.

"ஏப்பா, நுரையீரல் ரெண்டு பக்கமும் இருக்குது. செவப்பு மட்டும் நடு நெஞ்சுல நிக்குதே?"

"அங்கதானுங்க்கா நோயி."

"எல்லாருக்கும் அதே எடத்துலயா?"

இன்னும் பெரிதாக்கினார். சிவப்புக்கு அடியில் வெள்ளையாகச் சின்ன உருளை, அதன் தலையில் இரண்டு வளையம். கலைமணி தன் கழுத்துக் கயிற்றை வெளியே இழுத்து, அதில் தொங்கியதைத் திரையோரம் பிடித்தார். இரண்டும் ஒன்றுபோல இருந்தன.

"தாயத்து," என்றான் மோகன்குமார்.

நோயாளிகளின் படங்களை ஒரு தனியார் மருத்துவமனையில் அனுமதியோடு வாங்கியிருந்தான். நோய் வந்தவர்கள் முதலில் தாயத்துக் கட்டிக்கொண்டு, பிறகுதான் அங்கே போயிருக்கிறார்கள். கழற்றச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள் என்று எக்ஸ்ரே எடுப்பவரும் விட்டுவிட்டார். ஆரோக்கியமானவர்கள் என்று சேர்த்த படங்களோ ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வேலைக்குப் போகிறவர்களின் பரிசோதனை முகாமில் எடுத்தவை. அங்கே கயிறு, செயின் எல்லாவற்றையும் டப்பாவில் போட்ட பிறகுதான் படம்.

சந்தேகம் தீர, தாயத்து, மந்திரித்த காசு, ஊக்கு எல்லாவற்றையும் படங்களில் கறுப்படித்து மறைத்துவிட்டு, மறுபடி கணினியைக் கேட்டார்கள். ஐந்நூற்றுப் பன்னிரண்டு நோயாளிகளில் நானூற்று எழுபத்தொரு பேருக்கு ஒன்றுமில்லை என்றது.

"ஒரே மத்தியானத்துல இத்தன பேரக் குணமாக்கிட்டியேப்பா," என்றார் கலைமணி.

அவன் சிரிக்கவில்லை. வழிகாட்டிப் பேராசிரியர் முருகானந்தத்தைப் போனில் கூப்பிட்டு, கலைமணிக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தான்.

"அப்படியே அனுப்பிவிடுப்பா," என்றார் பேராசிரியர். "அதையெல்லாம் யாரு பெருசாக்கிப் பாக்கறாங்க?"

"நான் பாத்தனுங்க சார்," என்றார் கலைமணி.

"யாருங்க அது?"

"ஜெராக்ஸ் கடைங்க."

பேராசிரியர் ஒருமுறை இருமினார். பிறகு, "எதுக்கும் யோசிச்சுச் செய்யுங்க," என்று வைத்துவிட்டார்.

"தொண்ணூத்தொம்பதுன்னு ஊட்டுல சாக்லெட்டே குடுத்து முடிச்சிட்டாங்களேக்கா," என்று மோகன்குமார் பையைத் தூக்கிக்கொண்டு போனான். இனி வரமாட்டான் என்றுதான் கலைமணி நினைத்தார். அன்று சாயங்காலம் அவருக்கு வேலையே ஓடவில்லை. கல்யாணப் பத்திரிகை ஒன்றில் மாப்பிள்ளை பெயரைப் பெண் பெயருக்கு மேல் இரண்டு முறை அடித்துவிட்டார்.

ஐந்தாம் நாள் அவன் வந்தான். தாடி வளர்ந்திருந்தது.

"தாயத்த மறச்சிட்டு மறுபடி பழக்குனனுங்க்கா. எழுவத்தொண்ணுதான் வருது. தலைப்பயே மாத்திட்டன். கணினி எப்படி ஏமாந்துச்சுங்கறதுதான் இப்பக் கட்டுரை."

கலைமணி அதைப் படித்தார். பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாகக் கேட்க ஒரு கேள்வியும் இல்லை. காற்புள்ளிகளை மட்டும் சரிசெய்தார்.

ஆய்விதழ் மதிப்பீட்டாளர்களிடம் கேள்விகள் இருந்தன. தாயத்து எந்த வகை மருத்துவக் கருவி, தயாரிப்பாளர் யார் என்றார் ஒருவர். உள்ளே என்ன மருந்து, எந்த அளவு என்றார் இன்னொருவர். கலைமணியும் மோகன்குமாரும் மூன்று நாள் உட்கார்ந்து பதில் எழுதினார்கள்: செம்பு, தயாரிப்பாளர் பலர், உள்ளே இருப்பதைத் திறந்து பார்க்க நோயாளிகள் சம்மதிக்கவில்லை.

பங்குனியில் கட்டுரை வெளிவந்தது. நன்றி சொல்லும் இடத்தில் மரியாதைக்காக மோகன்குமார் 'டாக்டர் கலைமணி' என்று போட்டிருந்தான். அந்தப் பக்கத்தை வாட்ஸப்பிலும் போட்டான்.

மறுவாரம் மண்டியில் வேலை செய்யும் பாப்பாயி பெரிய உறையோடு வந்து நின்றார். "ஏஞ்சாமி, நீங்க டாக்டராமா? இத்தன நாளாச் சொல்லவே இல்லீங்களே. இந்த எக்ஸ்ரேயக் கொஞ்சம் பாருங்க."

"நான் டாக்டர் இல்லீங்கம்மா. எழுதுனதத் திருத்தறவ."

பாப்பாயி நம்பவில்லை. கடையைப் பூட்டிவிட்டு ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டியதாயிற்று. மஞ்சள் தூசிதான், மூக்கில் துணி கட்டி வேலை செய்யுங்கள் என்றார்கள்.

அடுத்தடுத்து ஏழு பேர் வந்ததும் கலைமணி ஒரு தாளில் பெரிதாக அடித்துக் கதவில் ஒட்டினார்: 'இங்கே எக்ஸ்ரே பார்ப்பதில்லை. எழுதியதை மட்டுமே பார்ப்போம்.'

எட்டாவதாக வந்தவர் அதை எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தார். பிறகு உறைக்குள் கைவிட்டார்.

"எழுதுனதயும் கொண்டாந்திருக்கறனுங்க," என்று ரிப்போர்ட்டை நீட்டினார்.