ஆடி மாதத்துப் புட்டிகள்

தென்காசியில் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் இசக்கிதுரை உதவியாளர். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம். மாதத்தில் ஒரு நாள் வடகரைப் பக்கம் ஒரு குளத்துக்கு பஸ்ஸில் போய், மெல்லிய வலையில் தண்ணீரை வடிகட்டி, புட்டியில் பிடித்து, தேதி எழுதி ஒட்டிக் கொண்டுவருவார். அதில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் மிதக்கும். எண்ணுவது மாணவர்கள். பெயர் போட்டுக்கொள்வது பேராசிரியர் சுந்தரபாண்டியன்.

பதினோரு வருடத்தில் அவர் ஒரு கொள்கை கண்டுபிடித்தார். கோடையில் குளம் பச்சைப் பெயின்ட் மாதிரி இருக்கும். சாரல் தொடங்கினால் மலைத்தண்ணீர் பாசியையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். ஆடியில் ஒன்றுமே மிஞ்சாது. இந்த ஒன்றுமில்லாததைப் பற்றி ஆறு கட்டுரை எழுதி, மூன்று நாடுகளில் பேசிவிட்டும் வந்தார்.

கடையநல்லூர் பர்சானா அவரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள். அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம், தண்ணீரைத் தானே போய் எடுப்பாள். ஆடியில் அவள் எடுத்த புட்டியில், புதுத்தண்ணீர் கொண்டுவந்த சத்தைத் தின்று டயாட்டம் என்னும் நுண்பாசி கூட்டம் கூட்டமாகப் பெருகியிருந்தது. பேராசிரியர் மைக்ரோஸ்கோப் பக்கமே வராமல், அவளுடைய வலை ஓட்டை என்றார். ஓட்டை வலையில் குறைவாக அல்லவா சிக்கும் என்று அவள் கேட்கவில்லை. பழைய எண்ணிக்கையோடு ஒத்துப்போகாத ஆய்வேட்டில் கையெழுத்துப் போட முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

ஆடியில் குளத்தின் எந்தக் கரையில் தண்ணீர் எடுத்தீர்கள் என்று பர்சானா இசக்கிதுரையிடம் கேட்டாள். அவர் ஏற்கெனவே துடைத்த கண்ணாடிக் குடுவையை மறுபடி துடைத்தார்.

"ஆடியில நான் எங்கம்மா குளத்துக்குப் போக? சார் மச்சினன் குடும்பம் மெட்ராஸ்ல இருந்து வந்துருமே."

வருடம் முழுக்க போன் கூடப் பண்ணாத உறவெல்லாம் அருவியில் தண்ணீர் விழுந்ததும் பாசத்தோடு வந்து இறங்கும். அவர்களை ஐந்தருவிக்குக் கூட்டிப் போவது, எண்ணெய் தேய்க்க ஆள் பிடிப்பது, குளிக்கும்வரை துணிமணிக்கும் செல்போனுக்கும் காவல் நிற்பது, பிறகு பிரானூரில் புரோட்டாவுக்கு இடம் போடுவது எல்லாம் இசக்கிதுரை. புட்டியை அங்கேயே அருவியில் பிடித்துவிடுவார். பாறையில் விழுந்து ஓடுகிற தண்ணீரில் பாசிக்கு என்ன வேலை? ஒட்டுச்சீட்டில் மட்டும் குளத்தின் பெயர், தேதி, ஆழம் எல்லாம் சுத்தமாக இருக்கும்.

இதை அவரே சாரிடம் சொன்னால் போதும் என்றாள் பர்சானா. சொன்னால் ஏழு மாதத்துக்கு முன்னாலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்றார் இசக்கிதுரை.

 மூன்றாம் நாள் அவர் அவளுடைய ஆய்வேட்டைத் தானே எடுத்துப்போய்ப் பேராசிரியர் மேசையில் வைத்தார்.

"பிள்ள எண்ணுனது சரிதான் சார். பதினோரு வருசமா ஆடி மாசத்துல நீங்க எண்ணுனது ஐந்தருவி."

பேராசிரியர் எழுந்தே விட்டார். துரோகி என்றார், இன்றைக்கே மெமோ, விசாரணை என்றார்.

"குடுங்க சார். அன்னைக்கு எங்க நின்னேன்னு கேப்பாங்கல்லா. யார் துணிக்குக் காவல் நின்னேன்னு எழுதிக் குடுத்துருதேன்."

பேராசிரியர் உட்கார்ந்தார். பேனா மெமோவுக்காக எடுத்த கல்லூரித் தாளுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஆய்வேட்டின் பக்கம் போய்க் கையெழுத்துப் போட்டது.

மெமோ வரவில்லை. ஓய்வு பெற்ற நாளில் பேராசிரியரே இசக்கிதுரைக்குப் பொன்னாடை போர்த்தினார். அதற்கு முந்தின வாரம் அவருடைய ஏழாவது கட்டுரை வந்திருந்தது. பதினோரு வருடம் வெறுமையாக இருந்த குளத்தில் ஆடியில் திடீரென்று பாசி பெருகக் காரணம் பருவநிலை மாற்றமாம். ஆதாரம், இசக்கிதுரையின் புட்டிகள்.