மாமியாருக்கு ஒரு பழைய போட்டோ

என் மாமியாரை நான் பார்த்ததில்லை. மூன்றாவது பிரசவத்தில், என் மனைவிக்கு நான்கு வயதாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. பேரையூரில் புது வீடு கட்டிய மச்சான், பால் காய்ச்சும் அன்று அம்மா படத்துக்கு மாலை போட்டே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"மாப்ள, தங்கச்சி அம்மாவ அப்படியே உரிச்சு வச்சிருக்கா. அவ போட்டோவையே பழசாக்கிருங்க. ஒங்களுக்குத் தெரியாத வேலையா?"

தெரிந்த வேலைதான், அதுதான் வினை. டிஜிட்டல் கேமரா வந்த புதிது. மாட்டுத்தாவணி பக்கம் ஒரு ஸ்டூடியோவில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். உயிரோடு இருப்பவள் படத்துக்கு மாலையா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவளிடமே சொன்னேன்.

"எங்கம்மா மொகம் எனக்கு ஞாபகமே இல்ல. எப்படி இருந்திருக்கும்னு நானும் பாக்குறேன், செய்ங்க" என்றாள். அவள் போட்டோ ஒன்றைக் கம்ப்யூட்டரில் திறந்தேன்.

கலரை எடுத்தேன். பழுப்பு ஏற்றினேன். சுடிதாரை மறைத்துப் பழைய சேலை ஒன்றை ஒட்டினேன். குறுக்கே ஒரு மடிப்பு, நாலைந்து கீறல், மூலையில் கரையான் அரித்த மாதிரி ஓர் ஓட்டை. ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க அவள் என்னைவிட்டுத் தள்ளிப் போனாள். பாழாய்ப்போன கைக்கு அரைகுறையாக வேலை செய்யவும் தெரியாது.

விசேஷத்தன்று படம் முன்னறையில் தொங்கியது. "பழைய பெட்டியில கெடந்துச்சுப்பா" என்று மச்சான் கூசாமல் புளுகினார். மாமனார் மாலையோடு ஸ்டூல்மேல் ஏறினார். மனைவி வயிற்றைப் பிடித்தபடி சுவரோரம் நின்றாள். 'வேண்டாம் மாமா' என்று கத்த வாயெடுத்தேன்.

மாலையைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது அவ இல்லப்பா. அவ போட்டோக்காரன் முன்னாடி நின்னவளே கெடையாது. இம்புட்டுத் தைரியமா நேராப் பாக்க மாட்டா. இது எம் மக."

படத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். திட்டவில்லை. மாலையை நிலைவாசலுக்குப் போடச் சொன்னார்.

மறுநாள் அந்த ஃபைலை அழிக்க உட்கார்ந்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. திரையில் அவள் முகம். வைத்திருக்கவும் பயம், அழிக்கவும் பயம். அழிக்கக் கை வரவில்லை. அடுத்த இரண்டு மாதமும் அவள் லேசாக இருமினால்கூட எனக்குச் சோறு இறங்காது.

பிரசவ அறை வாசலில் நர்ஸ் வந்து, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க என்றார். என்ன பிள்ளை என்றுகூடக் கேட்காமல் உள்ளே ஓடி அவள் முகத்தைப் பார்த்தேன்.

"என்ன அப்படிப் பாக்குறீங்க?" என்றாள்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அவள் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதேன்.