கழுத்தில் கிடந்த இயர்மஃப்

இரும்புப் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலை என்பது, சொன்னதையே தினமும் சொல்வதற்குச் சம்பளம் வாங்குவது. ஜார்ஜ்டவுனிலிருந்து பாலம் கடந்து ஜுருவுக்கு நான் வருவதே, "காதுல மாட்டுங்க" என்று கத்தத்தான். வீட்டிலும் வேலையிலும் பேச்சு எடுபடாதவர்களே, நீங்களாவது கேளுங்கள். இந்த மாதக் கடைசியில் எங்களுக்கு வருடாந்தரக் காதுச் சோதனை. போன தடவையே முனியாண்டி அண்ணனுக்கு இடது காது மந்தம் என்று வந்துவிட்டது. போன காது திரும்பாது. மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டுமே என்றுதான் இத்தனை கத்தல்.

முப்பது வருசக் காது

அண்ணன் கிரைண்டரில் இரும்புக் குழாய் அறுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. சத்தத்தை அடைக்கக் காதை மூட வேண்டிய அவருடைய இயர்மஃப் மாலை மாதிரி கழுத்தில் கிடந்தது. தோளைத் தட்டினேன். மெஷினை நிறுத்தாமலே ஏதோ சொன்னார். என் இயர்மஃபின் வலது பக்கத்தைத் தூக்கிக் காதைக் கொடுத்தேன்.

"இத மாட்டுனா டிஸ்க் தேயுற சத்தம் எப்படிக் கேக்கும்? முப்பது வருசக் காது தம்பி, எதையும் தாங்கும், தாஹான் பண்ணும் லா!"

பாட்டு வைத்தியம்

டிரில் போடும் சரஸ் அக்காவுக்கு இயர்பிளக் வைத்தால் அரிக்குமாம். ஒருநாள் இரண்டு காதிலும் ஏதோ இருந்தது. பூரித்துப்போய்க் கிட்டே போனேன். கைப்பேசியின் இயர்போன்! டிரில் சத்தத்தை அமுக்க, பாட்டை முழுச் சத்தத்தில் வைத்திருந்தார். அது இன்னும் கெடுதல் என்று விளக்கினேன். பதில் கேட்க மறுபடி வலது பக்கத்தைத் தூக்கினேன். கால் மணி நேரம் பட்டிமன்றம்.

"சத்தம் கேக்கக் கூடாதுன்னுதான சொன்னீங்க? இப்ப நீங்க கத்துறதுகூட கேக்கல லா!"

கடைசித் தாள்

சோதனை முடிவுகள் வந்தன. அண்ணனின் இடது காது இன்னும் இறங்கியிருந்தது. திட்டுவதற்குத் தயாராக அவரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு மற்ற தாள்களைப் புரட்டினேன். கடைசித் தாள் என்னுடையது. வலது காது மந்தம். எட்டு வருடமாக இவர்கள் சாக்குகளைக் கேட்க நான் திறந்துவிட்ட அதே காது. வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அண்ணன் என் தாளையே பார்த்தார். பிறகு கழுத்திலிருந்ததை எடுத்துக் காதில் மாட்டினார்.

"இனிமே கைய மட்டும் காட்டு தம்பி, காதுல இருக்கறதத் தூக்காத. நான் போட்டுக்கிறேன்."

ஆக, எட்டு வருடமாக என் வாயால் ஆகாத காரியத்தை முடிக்க ஒரு காது செலவானது.