ஒரு கையில் குடை, ஒரு கையில் புத்தகம்

ஜெயபாய்க்குத் தாளில் வெள்ளையாக இடம் கிடந்தால் பிடிக்காது. பாளையத்தில், மாடிப்படிக்கு அடியில் இருந்த டிடிபி சென்டரில் உட்கார்ந்துகொண்டு, இருபது பக்கம் வரும் சங்கதியைப் பதினாறு பக்கத்தில், அதாவது அச்சுக்காரர்கள் சொல்கிற ஒரு ஃபாரத்தில், அடக்கிக் காட்டுவாள். வரிக்கும் வரிக்கும் நடுவே மயிரிழை குறைப்பாள். பத்திகளுக்கு இடையில் இருப்பதையும் உருவிவிடுவாள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

தொண்ணூற்றெட்டில் எங்கள் தமிழ்ச் சபைக்கு அடக்க ஆராதனைப் புத்தகம் தேவைப்பட்டது. செயலாளரான நான் வேலையை அவளிடம் கொடுத்தேன். அவள் கணவர் ராஜையன் பாடகர் குழுவின் கனத்த குரல். நுரையீரல் கெட்டு, அப்போதே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். புரூஃபைப் பார்த்தவர் கடைசிப் பாட்டில் விரலை வைத்தார்.

"ஏட்டி, என்னைப் புதைக்கப்ப இதத்தான் பாடணும். நடுவுல முறிச்சிருக்கியே? கடைசி சரணம் அடுத்த பேஜுக்குப் போச்சுல்லா."

"பேஜப் பொரட்டிப் பாடட்டும், அது மதி. கீழ இத்தன எடம் சும்மா விட்டா ஃபாரத்துல நிக்காது."

"கடைசி சரணம் கேக்காம நான் குழியில எறங்கமாட்டேன், பாத்துக்கோ" என்று சிரித்தார். இருமலும் கூடவே வந்தது.

அடுத்த ஜூனில், இடவப்பாதி மழை வெளுத்து வாங்கிய ஒரு மதியம், ராஜையனைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். அந்த மாதத்தில் நம் ஊரில் குடை இல்லாத அடக்கம் ஏது? எல்லார் கையிலும் குடை, மறு கையில் அந்தப் புத்தகம். பாட்டு நன்றாகத்தான் எழும்பியது. பக்கத்தின் கடைசி வரியும் வந்தது. புரட்டுவதற்கு யாருக்கு மூன்றாவது கை இருக்கிறது? சிலர் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு முயன்றார்கள். நனைந்த தாள்கள் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கி, மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. இப்படி இடறும்போதெல்லாம் மனப்பாடமாக எடுத்துக்கொடுக்கிற குரல் பெட்டிக்குள் இருந்தது.

ஜெயபாய் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. போதகர் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு மண் போடச் சொன்னார்.

சில வருஷம் கழித்து மறுபதிப்பு வந்தபோது, அவள் முதலிலிருந்து பக்கம் கட்டினாள். ஒரு பாட்டு முடிந்ததும் பேஜ் பிரேக். அடுத்தது புதுப் பக்கத்தில்தான். ஃபாரம் மிஞ்சிப் போனது, அவள் சட்டை செய்யவில்லை. நானும் புதிய பொருளாளர் ஞானசிகாமணியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பிழை பார்க்க ஒவ்வொரு பாட்டையும் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தவள், ராஜையனின் பாட்டில் கடைசிச் சரணத்தை மட்டும் பாடினாள். முழுசாக, நிறுத்தி நிதானமாக. என் கண் நிறைந்துவிட்டது.

விஷயம் தெரியாத ஞானசிகாமணி திரையில் பாட்டுக்குக் கீழே வெறுமையாகக் கிடந்த பாதிப் பக்கத்தைக் காட்டினான்.

"அக்கா, இவ்வளவு எடம் வேஸ்டாகுதே. அடுத்த பாட்ட இங்கயே தொடங்குனா என்ன?"

"வேண்டாம் தம்பி" என்றாள் ஜெயபாய். "மழ பெய்யும்லா."